ஒற்றைச்சுடர்

மாடிப்படியில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பெரியவரின் காலடியில் இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன.

வேறெங்காவது வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். கூடம் இருட்டாக இருந்தது. தெருவிளக்குகளும் எரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் இரண்டு. ஒன்று அவருடைய அகலத்துக்கு இருந்தது. மற்றது மெலிந்து, ஒரு பெண்ணின் தோள் அளவே இருந்தது.

அவர் கையில் சாவி இருந்தது. சற்று முன்புதான் மொட்டைமாடியில் இருக்கும் தொலைநோக்கி அறையின் இரும்புக் கதவை, மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இறங்கி வந்திருந்தார். அதில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. அவருடைய அப்பா அளந்து சொன்ன ஒற்றைச்சுடர், தனித்து எரியும் விண்மீன்களிலேயே ஆகப் பெரியது என்று பாடப்புத்தகம் வரை ஏறியிருந்தது. நாளைக்கு அப்பாவின் பெயரில் அரங்கம் திறக்கிறார்கள். அந்த மேடையிலேயே அது ஒன்றல்ல, இரண்டு விண்மீன்கள் என்று சொல்லப்போவதாக மகள் பிடிவாதமாக நின்றாள்.

"தாத்தாவுக்கு முழுநிலா நாள்ல மட்டுந்தான்பா பெரிய தொலைநோக்கியக் குடுத்தாங்க. அது ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்தி வரவும் அதே ஒரு மாசம். அவர் பாக்குறப்பெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணு மறைஞ்சு நின்னிருக்கு. ஏமாந்துட்டார், அவ்வளவுதான்."

"எங்கப்பா ஏமாந்தாரா? வாய அடக்கிப் பேசு."

"பெருசு சின்னதத் தின்னுக்கிட்டிருக்குப்பா. மேல இருக்குறத உரிச்சு உரிச்சுத் தன் பக்கம் இழுத்துக்குது. நம்ம வீட்டுல பாக்காததா?"

"இந்த வீட்டுக்கு ஒண்ணுதான். விழா முடியட்டும், திறந்து விடுறேன்."

அப்படிச் சொல்லித்தான் பூட்டினார்.

மேலே அவள் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையால் தட்டி ஓய்ந்து, இப்போது மோதிர விரலால் தட்டினாள். இரும்பில் அந்த மோதிரம் படும் ஓசை, வீட்டுக்கு வந்து வெகுநேரம் காத்திருந்து சலித்துப்போன விருந்தாளியின் தட்டலைப் போலச் சன்னமாக, விடாமல், படிக்கட்டின் கைப்பிடி வழியாக அவர் விரல்களுக்குள் இறங்கியது. காய்ந்த இரும்புச்சட்டியை அடுப்பில் மறந்துவிட்டதுபோல ஒரு வாசனை எங்கிருந்தோ வந்தது. சட்டைக்குள் உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்று நினைத்தார். ஆனால் சோர்வே இல்லை. பல வருடங்களாக இல்லாத தெம்பு முழங்காலில் ஏறியிருந்தது. கழுத்துப் பொத்தான் இறுகியது. கழற்றப் போனார். அதுவே தெறித்து விழுந்தது.

குனிந்து பார்த்தார். மெலிந்த நிழலின் ஓரம் பிரிந்து, நூல் நூலாகப் பெரிய நிழலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

தட்டல் குறைந்தது.

முழங்காலில் இன்னும் கொஞ்சம் தெம்பு ஏறியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகும் ஒரு கணம் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்தால் நாளைக்கு மேடை. அப்பாவின் பெயர். ஊர் வாய்.

அந்த ஒரு கணத்தில் தட்டல் நின்றது.

ஓடினார். இரண்டிரண்டு படியாக, இளைஞனைப் போல ஓடினார். கதவிடுக்கில் நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் கசிந்தது. சாவியைத் திருப்பினார்.

உள்ளே விளக்கு இல்லை. வட்டக் கூரையின் பிளவுக்கு வெளியே ஒற்றைச்சுடர் எரிந்தது. கதவருகே தரையில் அவளுடைய உடை கிடந்தது. கழற்றிப் போட்டதுபோல இல்லை. உள்ளே இருந்தவள் வடிந்துபோனதுபோலக் கிடந்தது.

மோதிரத்தைக் காணவில்லை.

சுவரில் அவள் நிழல் மட்டும் நின்றது. கையை நீட்டியது. உதவி கேட்கிறது என்று அவரும் கையை நீட்டினார்.

தொட்டது.

கடைசி நூலும் உள்ளே போனது. சுவரில் இப்போது ஒன்றுதான்.

கீழிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, சாப்பாடு ஆறுது. உங்க ரெண்டு பேருக்கும் தட்டு வைக்கட்டுமா?"

மேலே வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய வாயிலிருந்து மகளின் குரல், பொறுமையாக, வந்தது.

"ஒண்ணு போதும்மா."

கீழே ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவருடைய விலா எலும்பில், உள்பக்கமிருந்து, மோதிர விரல் தட்டத் தொடங்கியது.