எண்ணெய் மணக்கும் கணினி

கூதிர் முதிர்ந்து முன்பனி இறங்கும் காலம் நாரின் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு ஓசையின்றியே வரும். மந்தைகள் மேய்ச்சல் நிலங்களிலிருந்து இறங்கிவிட்டன. மலைகள் தம் நிறங்களை ஒவ்வொன்றாகக் களைந்து நின்றன. ஆற்றின் ஓரங்கள் உறையத் தொடங்கியிருந்தன. மாந்தர் காரணமின்றிக் குரல் தாழ்த்திப் பேசும் பருவம் அது.

அத்தகைய ஒரு வியாழன் பிற்பகலில், கருவிப் பையுடன் ஊராட்சி அலுவலகத்துள் நுழைந்தேன். அதே கணினிக்காக மூன்றாம் முறை.

எழுத்தர் புருல்ச்சா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க ஜூமார்ட் தம்பி. இன்னைக்காவது ரிப்பேர் பண்ணுவீங்களா, இல்ல டீ குடிச்சிட்டுக் கெளம்பிடுவீங்களா?"

"கடையில ரெண்டு நாள் ஓடவிட்டேன் அக்கா. ஒரு தடவகூட அணையல. உங்க கை பட்டாத்தான் அணையுது."

அவள் சிரிக்கவில்லை.

"தலைவரும் அதத்தான் சொல்றாரு. வேல செய்யாம இருக்க நானே அணைக்கிறேனாம். நிலக்கரிப் பட்டியல் அஞ்சு மணிக்குள்ள மாவட்டத்துக்குப் போகலன்னா நாளைக்கு எனக்கு வேல இல்ல. மூணு பிள்ளைங்க இருக்கு எனக்கு."

எனக்கும் அவள்மீது ஐயம் இருந்தது. ஆகவே அவளை நாற்காலியில் அமர்த்தி, அருகில் நின்று அவள் கைகளையும் கால்களையும் நோக்கியிருந்தேன்.

பட்டியல் திறந்தது. குளிர்கால நிலக்கரி பெறும் வீடுகளிலிருந்து இறந்தோர் பெயர்களை நீக்க வேண்டும். முதற்பெயர் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாம் பெயரில் விரலை அழுத்தினாள்.

திரை இருண்டது.

சற்றுப் பொறுத்துத் தானே உயிர்த்தது. மேசைக்கடியில் இருந்த கம்பியின் பக்கம் அவள் கால் அசையவேயில்லை.

அப்போது ஒரு மணம் எழுந்தது. காய்ந்த எண்ணெயின் மணம்.

"பவர் சப்ளை கருகுது" என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தொட்டேன்.

குளிர்ந்திருந்தது.

தூசு இல்லை, சென்ற முறையே துடைத்திருந்தேன். மின்விசிறி தடையின்றிச் சுழன்றது. பவர் சப்ளையை மாற்றினேன். ராம் நினைவகத்தையும் மாற்றினேன். மீண்டும் அதே பெயர். மீண்டும் இருள். மணம் இம்முறை என் பிடரிக்குப் பின்னிருந்து வந்தது.

"யாரு அக்கா அந்த மூணாவது ஆளு?"

"ஆஷிம் அண்ணன். எனக்கு முன்னாடி இருபது வருஷம் இதே நாற்காலியில இருந்தவரு. வசந்தத்துல போய்ச் சேந்தாரு. சொந்தம்னு ஒருத்தரும் இல்ல."

"அவருக்கு எண்ணெய் காயவெச்சது யாரு?"

வியாழன்தோறும் ஏழு அடைகளை எண்ணெயில் பொரித்து இறந்தோரை நினைப்பது எங்கள் வழக்கம். எழும் மணமே அவர்களுக்கு உணவு.

புருல்ச்சாவின் முகம் வெளுத்தது.

"தலைவர் வீட்டுல செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க… ஆபீஸ்ல நாங்க செஞ்சிருப்போம்னு நெனச்சிருப்பாங்க."

"யாருமே செய்யல."

அதைச் சொன்னவன் நான் அல்லேன். அவளும் அல்லள்.

மணி நாலேகால். அவ்வறையில் இருந்தது ஒரே மின்செருகுவாய். கணினியின் கம்பியை உருவித் தரையில் போட்டு, தேநீருக்கான மின்னடுப்பைச் செருகினேன். அவள் எதிர் ரொட்டிக் கடைக்கு ஓடிப் பிசைந்த மாவும் எண்ணெயும் வாங்கி வந்தாள். அடைகளைத் தட்டினாள், ஒவ்வொன்றாகப் பொரித்தாள். ஏழாவது அடை உப்பியதும் அடுப்பருகே மண்டியிட்டோம். எனக்குத் தெரிந்த திருமறை வசனங்களை ஓதினேன்.

பாதியில், முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரைச்சல்.

மின்விசிறி சுழலும் ஓசை.

"திரும்பாதீங்க தம்பி" என்று கிசுகிசுத்தாள். "முழுசா ஓதிடுங்க."

ஓதி முடித்தே திரும்பினேன்.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆஷிமின் பெயர் பட்டியலில் இல்லை. கீழே ஒரே வரி: மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

கணினியின் கம்பி என் முழங்காலருகே, போட்ட இடத்திலேயே கிடந்தது.

புருல்ச்சா எழுந்தாள். முதல் அடையைப் பிட்டு விசைப்பலகையின் அருகில் வைத்தாள். வெற்று நாற்காலியை நோக்கி இரு உள்ளங்கைகளையும் விரித்தாள்.

"இறைவா, ஆஷிம் அண்ணன் படுத்திருக்கிற எடம் வெளிச்சமா இருக்கட்டும். இந்த நாற்காலியில உக்கார்ற எல்லாரோட வீட்டுலயும் அடுப்பு அணையாம இருக்கட்டும். ஆமீன்."