இருபத்தொன்று வரை

குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மதிவாணனோ கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

பூர்ணிமா அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மூலக்குளத்து வீட்டுக்குள் வெளிச்சம் மங்கும் நேரம். ஈரச் சோப்பு வாசனை, தரையில் தண்ணீர் விழும் ஓசை, அதன் நடுவே தோலும் தோலும் உரசும் சத்தம், திருமணமான ஒன்பது வருடமாக அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சத்தம். மதிவாணன் இருபத்தொன்று வரை எண்ணிக் கை கழுவுவான். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. விரல்கள் வெடித்து ரத்தம் கசியும்வரை. அவள் துண்டோடு கதவருகே காத்திருப்பாள்.

எந்த மாத்திரைக்கும் நோய் மசியவில்லை. கடைசியில் சென்னையில் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரியைப் பதித்தார்கள். வேண்டாம் என்று அழுதவனைக் கெஞ்சிக் கையெழுத்து போடவைத்தது அவள்தான். இன்று காலைதான் கருவியை ஓடவிட்டார்கள்.

மதியம் வீடு திரும்பியதும் வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றினாள். அந்தச் சிவப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலே முன்பெல்லாம் அலறுவான். இன்று நெற்றியைக் காட்டிச் சிரித்தான். யாரோ விருந்தாளி சிரிப்பது மாதிரி இருந்தது. பொட்டு வைத்து உள்ளே அழைத்தாள். எத்தனையோ நாள் தான் கரித்துக்கொட்டிய பழைய மனுஷனுக்காக அப்போதிருந்தே அவள் நெஞ்சு ஏங்கியது.

"என்னாங்க, பாத்ரூம்ல யாரு?"

"நான்தான்," என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கழுவட்டும், வுடு."

அவள் கால்கள் தாமாக நடந்தன. கொடியிலிருந்த துண்டை எடுத்தாள். கதவருகே நின்றாள்.

"பதினெட்டு... பத்தொம்பது..."

அவன் குரல். அழுகிற குரல்.

"இருபது. இருபத்தொண்ணு."

குழாய் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டு. அதிலிருந்து ஒரு கை நீண்டது. வெளுத்து, வெடித்து, விரல் இடுக்கெல்லாம் ரத்தம் கசிகிற கை. அவளுக்குத் தெரிந்த கை.

துண்டை நீட்டினாள்.

கை துண்டைத் தொடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"பூர்ணி, அவனுக்கு மட்டும் ஆரத்தி எடுத்துட்டியே. என்னை வாசல்லயே வுட்டுட்டியே."

கூடத்தில் டிவி சத்தம் கூடியது.

குழாய் திறந்தது. அவள் கையைத் தண்ணீருக்கு இழுத்து, சோப்பைத் தேய்த்தபடி, அந்தக் குரல் பொறுமையாக ஆரம்பித்தது.

"ஒண்ணு."