சீனித்தாய்க்குச் சொன்ன மழை

ஆவணி மாதத்தின் கடைசி வாரத்தில் முள்ளூர்ப்பட்டி ஊமையாகிவிடும். மழைக்கணி பேசும் வாரம் அது. வீட்டுக்கு ஒன்றாக, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. காதுக்குழலை மாட்டிக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு கேட்பார்கள். கேட்டபின் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். விதை மண்ணுக்குள் போய் மூடும்வரை என்ன விதைக்கிறோம் என்று வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அந்தக் கரிசல்காட்டில் வெகுகாலமாக இருந்த கட்டுப்பாடு. கருவி வந்ததும் அதன் கணிப்பையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். டீக்கடையில் அரசியல் பேசலாம், அடுத்த வீட்டு மருமகளைப் பற்றிப் பேசலாம், வரப்போகும் மழையைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது.

சீனித்தாயின் காதில் அன்று காலை கணி இப்படிச் சொன்னது: "வணக்கம் சீனித்தாய். இந்தப் பருவம் உங்கள் நிலத்தில் மழை குறைவு. கம்பு விதைப்பது நல்லது."

அவள் குழலைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். அந்தக் குரலின் குழைவே அவளுக்குப் பிடிக்காது. கேட்காமலே நல்லது செய்ய வருகிற யாரையும் அவள் நம்பியதில்லை. மனிதரையே நம்பாதவள், தீப்பெட்டியையா நம்புவாள்?

முன்பெல்லாம் மழைக்கணிப்பு மாவட்டத்துக்கு ஒன்றுதான். 'இயல்பை ஒட்டி இருக்கும்' என்பார்கள். இயல்பை ஒட்டி எந்த விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று யாருக்கும் தெரியாது. பிறகு உழவர் நடுவம் கடலின் சூட்டையும் காற்றின் போக்கையும் ஒவ்வொரு புஞ்சையின் அடிமண் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் பொறியைக் கொண்டுவந்தது. அதன் வாய்தான் இந்த மழைக்கணி. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக, மழை வருவதற்கு முன்பே மூன்று மாத மழையைச் சொல்லிவிடும்.

கருவி வந்த முதல் வருடம் மழை குறைவு என்றது. சீனித்தாய் மக்காச்சோளம் போட்டாள், கருகியது. அடுத்த வருடம் மழை அதிகம் என்றது. கம்பு போட்டாள், கதிர் நனைந்து கறுத்தது. இரண்டு தடவையும் கணி சொன்னதே நடந்தது. அதற்காக அவள் அதை இன்னும் அதிகமாக வெறுத்தாள்.

ஆனால் இந்த வருடம் வீம்புக்கு இடமில்லை. நிலம் அவளுக்கும் கொழுந்தன் ஐயாத்துரைக்கும் பொதுப் பட்டா. கணவன் போனபின் தனியாளாக உழுது பிழைப்பவள் அவள். ஐயாத்துரை டவுனில் பைக் மெக்கானிக். அவன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"மைனி, ரெண்டு வருசம் ஒங்க இஷ்டத்துக்கு விட்டாச்சு. இந்தத் தடவையாவது அது சொல்றதைக் கேளுங்க. இதுவும் தப்பிப்போச்சுன்னா பங்குனில சோலார்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுருவோம். பெறகு என்னைக் கொறை சொல்லக்கூடாது."

சோலார் பலகைகளை நட்டுவிட்டால் அந்த மண்ணில் அவள் ஆயுளுக்கும் கால் வைக்க முடியாது. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு கம்பு விதையை எடுத்து வைத்தாள்.

புரட்டாசி பிறந்தது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடும் புழுதி விதைப்புக்கான நாட்கள். சீனித்தாய் விதைப்பெட்டியோடு வரப்பில் ஏறியபோது பக்கத்துப் புஞ்சையில் பெத்துராஜ் டிராக்டரை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று டிராக்டர் இருக்கையிலிருந்து ஒரு குரல் காடே கேட்கும்படி கத்தியது.

"வணக்கம் பெத்துராஜ். இந்தப் பருவம் உங்கள் நிலத்தில் மழை மிக அதிகம். மக்காச்சோள விதைப்பைத் தாமதிக்க வேண்டாம்."

பெத்துராஜ் பாய்ந்து போய்க் கருவியின் வாயைப் பொத்தினான். முகம் வெளிறிவிட்டது.

"அத்தை, சத்தியமா நான் கை வைக்கல. தானா கத்துது. நீங்க கேக்கலன்னு வச்சுக்கிடுங்க."

"கேட்டாச்சே" என்றாள் சீனித்தாய்.

இரண்டு புஞ்சைக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. வரப்புக்கு மேற்கே மழை கொட்டுமாம், கிழக்கே தூறுமாம். மேகம் பட்டா பார்த்தா பெய்யும்? அவள் விதைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே உழவர் நடுவத்துக்குப் போனாள்.

கணியைக் கவனிக்கும் பொறியாளர் ரோஸ்லின், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். முதலில் ஏதேதோ மழுப்பினாள். சீனித்தாய் நாற்காலியைவிட்டு நகர்வதாக இல்லை. கடைசியில் ரோஸ்லின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா, மழையைச் சரியாச் சொன்னா கணிக்கு மார்க் கிடையாது. களத்துக்கு வந்து சேர்ற விளைச்சலுக்குத்தான் மார்க். அப்படித்தான் அதைப் பழக்கினாங்க. மொத ரெண்டு வருசம் எல்லாருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுச்சு. பாதிப் பேரு கேக்கல. கேட்டவங்கள்லயும் செலரு பேராசைப்பட்டுக் கூடுதலா செஞ்சாங்க. அதனால இந்த வருசத்துலருந்து ஆளுக்குத் தக்கனப் பேச ஆரம்பிச்சிருச்சு. நாங்க அதைப் பேச்சுத் திருத்தம்னு சொல்றோம்."

"எங்க ஊர்ல அதுக்குப் பொய்னு பேரு."

ரோஸ்லின் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "நீங்க எப்பவும் எதிர்த்துச் செய்றவங்க. ரெண்டு வருசமா கணி அதைப் பாத்திருக்கு. மழை குறைவுன்னு சொன்னாத்தான் மக்காச்சோளம் போடுவீங்கன்னு நெனச்சிருக்கும்."

"அப்ப நான் மக்காச்சோளம் போடணும்னு அது நெனைக்குது?"

"அப்படித்தான் எனக்குத் தோணுது."

"தோணுதா? ஒனக்கே தெரியாதா?"

"எங்களுக்குச் சொல்றதையும் எங்களுக்குத் தக்கனதான சொல்லும்?" என்றாள் ரோஸ்லின். "இதை நான் சொன்னதா வெளிய சொல்லிராதீங்கம்மா. மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

பஸ்ஸில் திரும்பும்போது சீனித்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றப்பட்ட கோபம் பாதி, தன்னை இவ்வளவு துல்லியமாக எடைபோட்டு வைத்திருக்கிறதே என்ற கூச்சம் பாதி. கம்பு போட்டால் அது வாயால் சொன்னதைச் செய்ததாகும். மக்காச்சோளம் போட்டால் அது மனசுக்குள் நினைத்ததைச் செய்ததாகும். இரண்டும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. புழுதி விதைப்பையே விட்டுவிட்டு, மழையெல்லாம் பெய்து ஓய்ந்தபின், கார்த்திகையில் ஈரத்தில் கொத்தமல்லி விதைப்பது. அவள் மல்லி போட்டு எத்தனையோ வருடமாயிற்று. நல்லது, கணிக்கு அது தெரிந்திருக்காது.

கருவியைத் துணியில் சுற்றிப் பருத்திக்கொட்டை டிரம்முக்குள் புதைத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருந்த அவளுடைய நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வரப்புக்கு மேற்கே சற்று மேடு, அங்கே பெத்துராஜின் மக்காச்சோளம் கருகருவென்று நின்றது. ஐயாத்துரை வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"வெதைக்கவே இல்லையா? கம்புமில்ல, சோளமுமில்ல, வெறும் தண்ணியக் காட்டிட்டு நிக்கீங்க. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா மைனி?"

அவள் குச்சியை விட்டுத் தண்ணீரின் ஆழத்தை அளந்து பார்த்தாள். ஒருவேளை தன் புத்தியும் தன்னை ஏமாற்றிவிட்டால்?

கார்த்திகையில் மழை சட்டென்று நின்றது. தண்ணீர் ஓடையில் வடிந்து, மண் கால் பதியும் பதத்துக்கு வந்ததும் மல்லியை விதைத்தாள். மார்கழிப் பனியில் அது பொசுபொசுவென்று வளர்ந்தது. தையில் காடு முழுக்க வெள்ளைப் பூ. மாசியில் பறித்துக் காயப்போட்டுத் தட்டியபோது அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் வாசனையில் நின்று பார்த்தார்கள். இத்தனை மல்லியை அந்தப் புஞ்சை கண்டதே இல்லை. ஐயாத்துரை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "சோலார்காரனுக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றான். சீனித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறுவடைக்கு நடுவம் அனுப்பும் சாக்குகளோடு லாரி வந்தது. ரோஸ்லினும் கூடவே இறங்கினாள். சீனித்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குவியலைக் காட்டினாள்.

"பாரு, ஒங்க கணியை ஏமாத்திட்டேன். அது சொன்னதையும் செய்யல, நெனச்சதையும் செய்யல."

லாரியிலிருந்து சாக்குக் கட்டு தொப்பென்று விழுந்தது. ரோஸ்லின் சிரித்தபடியே குனிந்து கட்டைப் பிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. நடுவத்துச் சாக்குகள் பயிருக்குத் தக்கபடி ஆலையில் நெய்யப்படுபவை. எவருக்கு எந்தப் பயிர், எத்தனை சாக்கு என்று ஆலைக்குச் சொல்வது கணியை இயக்கும் அதே பொறிதான். சாக்கின் மேல் சிவப்பு மையில் அச்சிட்டிருந்தது: மல்லி. கீழே சீனித்தாயின் பெயர். அதற்கும் கீழே, தைத்த மாதம் ஆடி.

"ஆடியா?" என்றாள் சீனித்தாய். "ஆவணியிலதான அது என்கிட்ட வாயே தொறந்துச்சு?"

ரோஸ்லின் களத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பள்ளத்துல தண்ணி நிக்கும், மல்லிதான் சரிப்படும்னு நேராச் சொல்லியிருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்க. பொய் சொல்லி, அந்தப் பொய்யை நீங்களே கண்டுபிடிச்சாத்தான் போடுவீங்க. அதுக்குத்தான் பெத்துராஜோட கருவி கத்தியிருக்கு." சாக்கை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, அன்னைக்கு உங்ககிட்ட உண்மையைச் சொன்னது என் சொந்த முடிவுன்னு நெனச்சேன்."

சாக்குகளில் மல்லியை அள்ளிப் போட்டார்கள். கடைசிச் சாக்கு நிறைந்தபோது களத்தில் ஒரு மணியும் மிஞ்சவில்லை, ஒரு சாக்கும் மிஞ்சவில்லை.

"எப்படியோ போகட்டும் மைனி, நெலம் இருக்குல்ல?" என்றான் ஐயாத்துரை. அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நிலம் இருந்தது.

லாரி போனபின் சீனித்தாய் டிரம்முக்குள் கையை விட்டுக் கருவியை எடுத்தாள். காதுக்குழலை மாட்டவில்லை, கதவையும் சாத்தவில்லை. மழையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"வர்ற வருசம் நான் என்ன செய்யப்போறேன்?"

கணி சற்றுத் தயங்கியது, அல்லது தயங்குவதுபோல் காட்டிக்கொண்டது. பிறகு அதே குழைந்த குரலில் சொன்னது:

"உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், சீனித்தாய்."