மேல் தட்டில் ஒரு மஞ்சள் பாட்டில்

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை.

நடைக்கூடத்துத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே குளிர் அறையின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே தரையில் இரண்டு கால்கள் தெரிந்தன.

நீளமான கால்கள்!

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரனை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இனிமேல் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

போன் மறுபடி அடித்தது. தெரியாத நம்பர்.

"எடுங்கம்மா. வீட்ல யாராவது தேடுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்புறம் பேசிக்கறேன் சார்."

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். அவருக்கு நல்ல ஜலதோஷம். 'சாகறதுதான் சாகறாங்க, ஃபிரிட்ஜுக்குள்ள போய்ச் சாகணுமா?' என்று வந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?"

"ஆமா சார். காலையில வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். விழுந்து கிடந்தான்."

"அழலையே நீங்க?"

"வரல சார்."

பொய் இல்லை. அவளுக்கு எதுவுமே வரவில்லை. அவளுடைய பட்டப்பெயரே ஐஸ். பாதி நாள் அந்த நாலு டிகிரி அறைக்குள் நின்று புரதம் பிரித்துக்கொண்டிருப்பாள். முதலில் விரல் நுனிகள் மரத்துப்போகும். அப்புறம் கை. அப்புறம் எதெல்லாம் மரத்துப்போனது என்று அவளே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பேராசிரியர் வேகமாக வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"எப்படி... எப்படி ஆச்சு?"

"நீங்கதான் சொல்லணும் சார். அடி இல்ல, காயம் இல்ல. மாரடைப்புன்னு எழுதிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். இந்தப் பெட்டிதான் உறுத்துது."

மேசைக்கு அடியில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. மூடி இல்லை. உள்ளே ஒன்றுமில்லை.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ட்ரை ஐஸ்! கார்பன் டை ஆக்ஸைடை உறைய வெச்ச கட்டி. இது தண்ணியா உருகாது. அப்படியே வாயுவாப் போயிடும். இந்த ரூமுக்குக் காத்து போக வழியே கிடையாது. இதுக்குள்ள வெச்சா ரூம் பூரா நிறைஞ்சுடும். உள்ள போறவன் ரெண்டு மூச்சு இழுத்தா... அவ்வளவுதான்!"

"யாரோட பெட்டி?"

"நெட்டையோடது சார்" என்றாள் ஐஸ். "அவன்தான் வாங்கினான். நேத்துதான் வந்தது. உள்ள வெச்சா சீக்கிரம் கரையாதுன்னு நினைச்சிருப்பான். கவனக்குறைவு."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி சொல்லி முடித்தாள்.

"பைத்தியக்காரப் பயலே..." பேராசிரியர் அந்தக் கால்களைப் பார்த்தே சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல் நாள் வர்ற பசங்களுக்கு இவன்தான் சார் பாடம் எடுப்பான். ட்ரை ஐஸை நடைக்கூடத்துலதான் வைக்கணும்னு!"

இன்ஸ்பெக்டர் தும்மினார்.

"பாடம் எடுக்கறவங்கதானே சார் முதல்ல தப்பு பண்றாங்க. சரி, எவனுக்காவது இவர் மேல கோபம்?"

பேராசிரியர் தயங்கினார். ஐஸைப் பார்த்தார். பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பினார்.

அவளே சொன்னாள். "எனக்கு இருக்கலாம் சார்."

"அட!"

"புரதத்தைப் பிரிச்சு, படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி அதோட உருவத்தைப் பார்க்கறது இங்க வேலை. அதுல டாக்டர் பட்டம் பண்ண, முழு உதவித்தொகையோட ஒரே ஒரு இடம் வந்தது. நேத்து மதியம் ரிசல்ட். முதல்ல நெட்டை. காத்திருப்போர் பட்டியல்ல நான்."

"அப்போ இவர் போனா...?"

"எனக்கு வரும். அதனாலதான் நானே சொல்றேன். நாளைக்கு நீங்களே கண்டுபிடிச்சா தப்பா இருக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இவ்வளவு நேர்மையான பெண் சந்தேகத்துக்கு லாயக்கில்லை என்று மனசுக்குள் அடித்துவிட்டார் ஒரு கோடு.

போன் அடித்தது. இந்த முறை அக்கா.

"என்னடி, எவ்வளவு நேரமா என்கேஜ்டாவே இருக்கு?"

"அது வேற ஏதோ நம்பர்க்கா. இங்க ஒருத்தன் இறந்துட்டான்."

"அய்யய்யோ! யாரு?"

"நெட்டை."

அக்கா தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்போ... அந்த சீட்டு?"

கேட்டுவிட்டு அக்காவுக்கே வெட்கமாகிவிட்டது. "சீ, என் வாயில என்ன வருது பாரு. பாவம்டி அந்தப் பையன். நீ பத்திரமா வா. அத்தான்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அத்தான் நல்லவர்தான். இத்தனை வருஷமாகச் சோறு போடுகிறவர். ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. சாப்பிடும்போது மட்டும், "என்னம்மா, படிப்பு எந்த மட்டுல இருக்கு?" என்பார். அதற்கு ஒரு பதில் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு கவளம் இறங்காது. நேற்று இரவு பதில் சொல்ல முடியாமல் தட்டில் கை கழுவினாள்.

"இது என்ன?"

இன்ஸ்பெக்டர் குளிர் அறைக்குள்ளிருந்து கத்தினார்.

அலமாரியின் மேல் தட்டைக் காட்டினார். அங்கே ஒரு சின்னப் பாட்டில். மூடி லேசாகத் திருகியிருந்தது. உள்ளே மஞ்சள் திரவம்.

பேராசிரியர் அண்ணாந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது செல் வளர்க்கிற திரவம். சிவப்பா இருக்கணும். கார்பன் டை ஆக்ஸைடு கலந்தா மஞ்சளா மாறும்... சரிதான், ரூம்ல வாயு இருந்ததுக்கு இதுவே சாட்சி!"

"சாட்சியை யார் அவ்வளவு மேல ஏத்தி வெச்சது?"

"தெரியல. லேபிள் வேற இல்ல! என் ஆய்வுக்கூடத்துல லேபிள் இல்லாம ஒரு துளி தண்ணி இருக்கக் கூடாது சார். ஆளுக்கு ஒரு கலர் டேப். டேப் ஒட்டாத எதையும் நான் குப்பையில போட்டுடுவேன். அது எல்லாருக்கும் தெரியும்."

"இந்த வாயு கனமானதா, லேசானதா?"

"கனமானது. கீழருந்துதான் நிறையும்."

இன்ஸ்பெக்டர் பிணத்தின் பக்கத்தில் போய் நின்றார். கால்களைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். கையை உயர்த்தி அளந்தார்.

"நம்ம நெட்டை நின்னா, அவர் மூக்கு சரியா இந்தத் தட்டுக்கு வரும். இல்லையா சார்?"

பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"அதாவது, இவர் மூக்கு வரைக்கும் நிறைஞ்சாச்சான்னு ஒருத்தர் வெளியில நின்னு கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க!"

ஐஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை இறக்கத்தான் நினைத்தாள். கதவைத் திறந்து வாயு போகக் காத்திருந்தாள். ஸ்டூலை எடுத்து வருவதற்குள் காவலாளி வந்து அலறிவிட்டான்.

பரவாயில்லை. லேபிள் இல்லை. அது யாருடையதாகவும் இருக்கலாம்!

இன்ஸ்பெக்டருக்குத் தும்மல் பொறுக்கவில்லை. முகம் கழுவ வெளியே ஓடினார். நடைக்கூடத்துத் தொட்டியில் குழாயைத் திறந்தார். மூக்கைச் சிந்தினார். நிமிர்ந்தார்.

தொட்டிக்கு மேலே கண்ணாடிப் பலகை.

அதன் மேல் ஒரு சின்னப் பாட்டில்... அதே அளவு. மூடி அதே மாதிரி லேசாகத் திருகியிருந்தது.

உள்ளே சிவப்பு!

"சார், கொஞ்சம் வாங்க. இதுவும் அதேதானா?"

பேராசிரியர் வந்தார். பாட்டிலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"சார்?"

"இது... கன்ட்ரோல்."

"புரியல."

"எந்தச் சோதனை பண்ணினாலும் ஒண்ணு இப்படித் தனியா வைக்கணும் சார். அதே திரவம், அதே மூடி. ஆனா வாயு படாத இடம். உள்ள இருக்கறது மஞ்சளானா, அது வாயுவாலதான் ஆச்சு, சும்மா கெட்டுப்போய் ஆகலன்னு தெரிஞ்சுக்க. இது இல்லாத சோதனையை நான் பார்க்கவே மாட்டேன். முகத்துல விட்டெறிவேன்."

"இதுல டேப் ஒட்டியிருக்கே. நீலக் கலர்."

பேராசிரியர் திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

அவளும் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீல டேப். அதில் அவள் கையெழுத்தில், அழகாக, 'கன்ட்ரோல்'.

உள்ளே வைத்த பாட்டிலில் லேபிள் ஒட்டக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தவள்... வெளியே வைத்ததில் எப்போது டேப்பைக் கிழித்தாள், எப்போது எழுதினாள்? ஞாபகமே இல்லை. கை தானாகச் செய்திருந்தது.

"என்னம்மா இது?" பேராசிரியரின் குரல் உடைந்தது. "கொலை பண்றதுக்குமா கன்ட்ரோல் வைப்பே?"

"வைக்காம இருந்தா நீங்க ஒத்துக்க மாட்டீங்களே சார்" என்றாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். மனசுக்குள் அடித்த கோட்டை அவரே அழித்துக்கொண்டார்.

"ஏம்மா... ஒரு சீட்டுக்காகவா?"

"அவனுக்குச் சீட்டு வாங்கிக் குடுத்த படிகமே நான் வளர்த்தது சார். இந்த ரூம்ல நின்னு நின்னு, தொட்டா சுடுதா குளிருதான்னு தெரியாத அளவுக்கு என் விரல் போச்சு. நேத்து ரிசல்ட் பார்த்தப்போ எனக்குக் கோபம்கூட வரல. பெட்டி நடைக்கூடத்துல இருந்தது. சாயந்திரம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உள்ள தள்ளினேன். காலையில வந்து, மேல் தட்டுல மஞ்சள் வந்துடுச்சான்னு பார்த்தேன். வந்திருந்தது. உள்ள மைக்ராஸ்கோப்ல உன் படிகத் தட்டைப் பாருடான்னு அவனை அனுப்பினேன். 'சரி ஐஸ்'னு சிரிச்சுக்கிட்டே போனான்."

போன் அடித்தது. அதே தெரியாத நம்பர்.

இன்ஸ்பெக்டர் அவள் கையிலிருந்து போனை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பாடா, எடுத்துட்டீங்களா!" ஒரு பெண்குரல் படபடவென்று கொட்டியது. "காலையிலேருந்து ட்ரை பண்றேன் மேடம். ஆராய்ச்சிப் படிப்பு ஆபீஸ்லேருந்து பேசறேன். அந்த முனைவர் பட்ட இடம் உங்களுக்குத்தான். முழு உதவித்தொகையோட!"

ஐஸ் நிமிர்ந்தாள்.

"முதல்ல இருந்த உயரமான சார் நேத்து சாயந்திரமே வேண்டாம்னு சொல்லிட்டார். அவர் மனைவி இருக்கற ஊர்லயே வேற இடம் கிடைச்சிடுச்சாம். 'நீங்க சொல்லாதீங்க, ஐஸ்கிட்ட நானே நேர்ல சொல்லி அசத்தணும்'னார். சொல்லிட்டாரா மேடம்?"

பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் ட்ரை ஐஸ் வாங்கினானா..." முணுமுணுத்தார். "அவனோட புரதத்தையெல்லாம் பேக் பண்ணி எடுத்துட்டுப் போக..."

குளிர் அறையின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

ஐஸுக்கு விரல் நுனியில் ஏதோ குத்தியது. அப்புறம் உள்ளங்கையில். அப்புறம் நெஞ்சில். அவளுக்கு வலித்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, தாங்க முடியாமல் வலித்தது. வாயைத் திறந்து அழுதாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? இன்னிக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும் மேடம்!"

இன்ஸ்பெக்டர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இல்லன்னு எழுதிக்கோங்கம்மா. அவங்களுக்கு வேற இடத்துல கிடைச்சிருக்கு. அங்கேயும் தங்கறது, சாப்பாடு, துணிமணி எல்லாமே அரசாங்கச் செலவுதான்... காத்திருப்போர் பட்டியல்கூடக் கிடையாது!"