மணி விழவில்லை

முதலில் கேட்டது 'டக்' என்ற சத்தம்தான். மோட்டரின் இரைச்சலுக்கும், கூரைத் தகரத்தில் விழும் மார்கழி மழைக்கும், கல்லோடு கல் உராயும் ஓயாத முணுமுணுப்புக்கும் நடுவில், யாரோ மேசையில் சாவியை வைத்ததுபோல ஒரே ஒரு 'டக்'. சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த சிவராணி கையை நிறுத்தினாள். சத்தம் அரிசி கொட்டும் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

அடுத்த கணம் கல்லின் குரல் மாறியது. உள்ளே அரிசி இருக்கும்வரை அரைக்கிற கல் உறுமும், அரிசி தீர்ந்தால் கீச்சிடும். அந்தக் கீச்சொலி காதில் பட்டதும் அவள் ஓடியது சுவிட்சுக்கு அல்ல, தொட்டிக்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்தான் சுவிட்சுக்கு ஓடுவார்கள். மோட்டரை நிறுத்தினாலும் வேகம் அடங்கும்வரை கல் வெறுமையாகச் சுற்றும், எரிந்து போவதற்கு அந்த நேரம் போதும். மில்லில் பழகினவர்கள் முதலில் ஒரு பிடி அரிசியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தேடுவார்கள். அதற்கென்றே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மா டின்னில் எப்போதும் அரிசி இருக்கும். சிவராணி இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். கல் பழையபடி உறுமியது. ஓடிப்போய் மோட்டரை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க நின்று மேலே பார்த்தாள்.

மணி தொங்கின இடத்திலேயே தொங்கியது. அது விழுந்திருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. அரிசியின் பாரம் அதை அமுக்கி வைத்திருக்கும். தட்டில் கட்டிய கயிறு மேலே போய் ஒரு வெண்கல மணியைத் தூக்கிப் பிடித்திருக்கும். அரிசி தீர்ந்தால் தட்டு எழும்பும், கயிறு தளரும், மணி பெல்ட்டில் சுழலும் சில்லின்மேல் விழுந்து கிலுகிலுவென்று ஊரைக் கூட்டும். தட்டுக்குப் பக்கத்தில், தொட்டி ஒடுங்குகிற இடத்தில், அரிசியோடு வரும் ஆணியையும் குண்டூசியையும் பிடிக்க ஒரு காந்தம். கல்லைக் காக்க இவ்வளவு ஏற்பாடு. வேலை செய்கிற மனிசரைக் காக்க ஒன்றும் கிடையாது என்று சிவராணி அலுத்துக்கொள்வதுண்டு.

ஒரு தடியால் தட்டை அமுக்கிவிட்டு எடுத்தாள். உடனே எழும்பியது. மணி விழுந்தது. திரும்பச் செய்தாள். திரும்ப விழுந்தது. கயிற்றில் சிக்கல் இல்லை. காந்தத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள், ஒரு குண்டூசிகூட ஒட்டியிருக்கவில்லை.

அந்தச் சத்தம் எதனுடையது என்று தெரியாவிட்டால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அவளுடைய புருசன் ரவிசந்திரன் வலக்கையில் ஒரு இரும்புக் காப்புப் போட்டிருந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் லயத்துப் பிள்ளையாக இருந்த காலத்தில், காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கத் தாய் போட்டுவிட்டது. கை வளர்ந்தது, காப்பு வளரவில்லை, கழற்ற முடியாமல் போயிற்று. சிலாவத்துறை றோட்டோரத்து இந்த மில்லை அவர்தான் ஓட்டினார். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை முடித்துப் பின்னேரம் வருகிற சிவராணி, மூலையில் கிடக்கும் வெறுஞ்சாக்குகளின்மேல் அப்படியே சரிந்துவிடுவாள். மணி அடித்தால் அவள் விழித்துவிடுவாள் என்று, அரிசி தீரப்போகும் நேரம் பார்த்து அவர் தொட்டிக்குள் வலக்கையை விட்டுத் தட்டை அமுக்கிக்கொள்வார். காப்பு காந்தத்தில் ஒட்டும். டக். மற்றக் கையால் கடைசி அரிசியைத் தள்ளி அரைத்து முடிப்பார்.

"தூங்கு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்பார். அந்தக் குரலைக் கேட்டபடி நித்திரையாவது எவ்வளவு சுகம்.

போன ஆவணியில் ஒரு பின்னேரம், அமுக்கிய கையோடேயே அவருடைய நெஞ்சு நின்றுபோயிற்று. தொட்டியில் சாய்ந்தபடி நின்றார். கை தட்டின்மேல், காப்பு காந்தத்தில். மணி விழவில்லை. கல்லும் கல்லும் உரசி எரிய, அந்தக் கருகல் மணத்தில்தான் அவள் விழித்தாள். இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் அவருடைய கையைத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். காப்போடேயே புதைத்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. வீட்டில் பாயில் படுத்தால் எங்கேயோ மணி அடிக்கிறதுபோல் இருக்கும், எழும்பி உட்கார்ந்துவிடுவாள். வளையல் இல்லாத வெறுங்கையைத் தடவியபடி விடியும்வரை இருப்பாள். விடிந்தால் மில். முதலாளி நவரத்தினம் புதுக்கல் பூட்டிக் கொடுத்தபோதே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "பிள்ளை, உன்ரை நிலைமை தெரிஞ்சுதான் தாறன். ஆனா இந்தக் கல்லும் எரிஞ்சுதெண்டா மில்லைப் பூட்டிப்போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது." மகள் நிஷாந்தி மன்னாரில் தங்கி உயர்தர வகுப்பில் படிக்கிறாள். இந்தக் கல் சுற்றும்வரைதான் அவளுடைய படிப்பும் ஓடும்.

"அக்கா, இன்னும் முடியேல்லையோ?"

வாசலில் ஜுனைட் நின்றான். எதிரே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். ரவிசந்திரனின் கையை அன்றைக்கு இழுத்தெடுத்த இருவரில் ஒருவன். தொப்பியை நனையாமல் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

"ஒராளின்ரை அரிசிதான் தம்பி கிடக்கு. ஜெயனி ரீச்சற்றை. நத்தார்ப் பெருநாள் பலகாரத்துக்காம், விடிய முதல் வந்து எடுப்பா."

"உங்கடை முகத்தைக் கண்ணாடியில பாத்தனீங்களோ? எப்ப அக்கா நித்திரை கொண்டனீங்கள்?"

"நித்திரையோ? அது மற்ற ஆக்களுக்கு."

"பகிடி விடாதேங்கோ. நான் மஃரிப் தொழுகைக்குப் போட்டு வந்திடுவன். பெல் விடாமல் அடிச்சுதெண்டா பள்ளிவாசல்லை இருந்தும் ஓடி வருவன், பயப்பிடாதேங்கோ."

"அடிக்காட்டில்?"

"அடிக்காட்டில் எல்லாம் சரியெண்டுதானே?" சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டான்.

சொல்லியிருக்கலாம். மணி விழவில்லை தம்பி, கொஞ்ச நேரம் நில்லுங்கோ என்று ஒரு வார்த்தை. ஆனால் அது நாளைக்கே நவரத்தினத்தின் காதுக்குப் போகும். இந்த மனிசிக்கு மில் ஓட்ட ஏலாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். வாயைப் பொத்திக்கொண்டு ஜெயனியின் அரிசியைத் தூக்கித் தொட்டிக்குள் கொட்டினாள். சாரல் உள்ளே வராமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மோட்டரைப் போட்டாள். கதிரையை இழுத்துத் தொட்டிக்கு நேராக வைத்து, தட்டையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒரு தொட்டி அரிசிதானே, கண்ணை எடுக்காமல் இருந்தால் முடிந்துவிடும்.

வெளியே இருட்டிவிட்டது. மழை கொஞ்சம் அடங்கி, கடற்கரைப் பக்கத்துக் காற்று பனைகளுக்குள் புகுந்து வருகிற இரைச்சல் கேட்டது. ஒற்றை பல்ப்பின் வெளிச்சத்தில் மாத்தூசி மெல்ல மெல்ல இறங்கி அவளுடைய கண்ணிமையிலும் முழங்கையிலும் படிந்தது. துணிக் குழாய் வழியாக வெள்ளை மா சூடாக இறங்கி சாக்கு நிறைகிற மணம், பெல்ட்டின் ரப்பர் மணம், ஈரச் சாக்கின் மக்கல் மணம், இவை எல்லாம் அவளுக்குப் பழகினவை. இவற்றுக்கு அடியில் இன்னொரு மணமும் வந்தது. பீடிப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம். கூரை ஒழுக்கில், அவர் வழக்கமாகச் சாயும் பழைய மரச்சட்டம் நனைந்து மணக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

கல் உறுமியது. அந்த உறுமல் உடம்பைத் தாலாட்டுகிற உறுமல். நான்கு மாத நித்திரை மொத்தமும் சேர்ந்து வந்து அவளுடைய கழுத்தில் உட்கார்ந்தது. தலை சரிந்தது. நிமிர்த்தினாள். திரும்பவும் சரிந்தது. மூலையில் சாக்குகள் மெத்தையாகக் குவிந்து கிடப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கே படுத்தால் என்ன என்று நினைத்த கணமே அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. நீர் என்னைப் படுக்க வைத்ததால்தானே இவ்வளவும் வந்தது என்று சத்தமாகவே சொன்னாள். கல்லின் இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

டக்.

எழுந்து நின்றாள்.

தொட்டிக்குள் அரிசி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் குழி விழுந்து, பக்கங்கள் சரிந்து, கடைசி அரிசி ஓரங்களில் ஒட்டிக்கொண்டு நின்றது. தட்டு தெரிந்தது. வெறும் தட்டு, மேலே மெல்லிய மாத்தூசி. இப்போது அது எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை.

தூசியில் ஒரு விரல் பதிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மற்ற விரல்கள். பிறகு உள்ளங்கையின் மேடு. தட்டு இன்னும் கொஞ்சம் கீழே போனது.

கல் கீச்சிட்டது.

சுவிட்ச் வாசலோரம் இருந்தது. வாசலுக்கு அப்பால் றோட்டு. ஓடியிருந்தால் தப்பியிருப்பாள். ஆனால் அவளுடைய கால்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தொட்டிக்கு. இடக்கை டின்னுக்குப் போனது. ஒரு பிடி அரிசி போட்டாள். மணி விழ வேண்டும், விழுந்தால் ஜுனைட் வருவான். தட்டைத் தூக்க வலக்கையை உள்ளே விட்டாள்.

அங்கே ஒரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை, தோலுக்குத் தெரிந்தது. குளிராக இருந்திருந்தால் இழுத்துக்கொண்டிருப்பாள். சூடாக இருந்தது. புறங்கையில் சொரசொரவென்று, உளியால் கல் கொத்தும்போது தெறித்துத் தோலுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துணுக்குகள். எத்தனை இரவு அந்தத் துணுக்குகளை விரலால் தடவியிருப்பாள். அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்ததா ஆசையில் வந்ததா தெரியவில்லை.

"வந்துட்டியா புள்ள."

காதுக்குப் பக்கத்தில். அலுத்துப்போன குரல்.

"கை விட்டுப்போச்சு. எவ்வளவு நாள்தான் அமுக்கிக்கிட்டே நிக்கிறது. கொஞ்சம் புடிச்சுக்க. நான் படுக்கிறேன்."

அந்தக் கை மெல்ல நழுவியது. பாரத்தை மற்றவரிடம் மாற்றிக் கொடுக்கிறவர் கவனமாக எடுப்பதுபோல, விரல் விரலாக. கடைசி விரலும் போன இடத்தில் அவளுடைய உள்ளங்கை தட்டில் பதிந்து கிடந்தது.

டக்.

இழுத்தாள். வரவில்லை. காலை உதைத்து இழுத்தாள். தோள்மூட்டு வலித்தது. தட்டு அசையவில்லை. மேலே மணி அசையவில்லை. இடக்கையால் டின்னைத் துழாவினாள். அடியில் கிடந்த அரிசியைப் போட்டாள். கல் ஒரு வாய் உறுமியது. பிறகு டின்னில் ஒன்றும் இல்லை.

கீச்சொலி.

மூலையில் சாக்குகள் அமிழ்ந்தன. உடம்பைச் சாய்ப்பதுபோல முதலில் ஒரு பக்கம், பிறகு முழுவதும். தூசி எழும்பி அடங்கியது. ஒரு நீண்ட பெருமூச்சு.

றோட்டில் சைக்கிள் வந்தது. பிறேக் பிடித்தது.

"அக்கா? முடிஞ்சுதோ?"

கத்தினாள். தொண்டையில் மாத்தூசி. கல் அவளைவிடப் பலமாகக் கத்தியது.

வெளியே அவன் கொஞ்ச நேரம் நின்றான். மழைச் சத்தத்துக்குள் காது கொடுத்து நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதைக் கேட்க நிற்கிறான் என்றும் தெரிந்தது. விழு, விழு, விழு என்று மேலே பார்த்துக் கெஞ்சினாள். சில்லுக்கு ஒரு விரல் உயரத்தில் மணி தொங்கியது.

சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டது. போய்விட்டான்.

குழாயிலிருந்து மா இன்னும் வந்துகொண்டிருந்தது. ஜெயனியின் வெள்ளை மாவின்மேல், சாம்பல் நிறத்தில். கல்லின் மா. நிஷாந்தியின் படிப்பு அப்படிப் பொடியாகி இறங்குவதை அவள் நின்று பார்த்தாள். கருகல் மணம் எழும்பியது. அன்றைக்கு அந்த மணத்தில் விழித்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள்.

மூலையில் குறட்டை தொடங்கியது.

குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். அவளுடைய வெறுங்கை இப்போது வெறுங்கையாக இல்லை. மணிக்கட்டின் சதைக்குள் இறுகி, சின்ன வயதிலிருந்தே அங்கே கிடப்பதுபோல, இரும்புக் காப்பு காந்தத்தோடு ஒட்டியிருந்தது.