ஒரே வரியில் ஒரு உயிர்

போன் அலறியது.

ஆன்சி பாய்ந்து எடுத்தாள். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் ஒரே புரோகிராமர் அவள். மே மாதம். பகல் ஒன்று ஐம்பது. ஏசி ரிப்பேர். வெளியே கிடந்த இரும்பில் ஆம்லெட் போடலாம்... போட்டால் கருகிவிடும்!

"ஆன்சி... பொட்டிக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாங்கோ..."

சாவியோ! அவள் புருஷன். அதே யார்டில் சீல் சரிபார்ப்பவன்.

"இன்னாய்யா சொல்ற? யாரு?"

"பின்னாலேர்ந்து தள்னான். மூஞ்சி பாக்கல. உள் செவுத்துல நம்பர் கீது... நாலு ஒண்ணு எட்டு எட்டு... சைபர் ரெண்டு அஞ்சு... மூச்சு முட்டுது ஆன்..."

போன் செத்தது.

யார்டில் நாலாயிரம் பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு. அந்த அடுப்புக்குள் ஒரு மனிதன் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிசயம்!

பத்தே நிமிடத்தில் ஜீப்பிலிருந்து குதித்தார் இன்ஸ்பெக்டர் ராமசெல்வி.

"லிஸ்ட்டுல அப்படி ஒரு பெட்டியே இல்லையே தங்கச்சி..." மேனேஜர் பாலகணேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"லிஸ்ட்டுல இல்லாட்டி லாக்ல இருக்கும் சார். கதவு மூடுறது, கிரேன் தூக்குறது, யார் அட்டையைத் தேய்ச்சுப் பூட்டினாங்கன்றது, எல்லாத்தையும் மெஷினே எழுதும். அதை யாராலயும் அழிக்க முடியாது."

தேடினாள். நம்பர் இருந்தது!

"எந்த வரியில?" ராமசெல்வி குனிந்தார்.

"முதல் வரியில மேடம்."

"மொத்தம் எத்தனை வரி?"

"...ஒண்ணு."

ஆமாம்! ராயபுரத்தில் ஆரம்பித்தால் எண்ணூர் தாண்டிக் கடலில் விழுகிற மாதிரி ஒரே வரி! மூச்சு விட இடமில்லாமல் அடையாளக் குறிகளும் பெயர்களும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஆறு மாதமாக ஆன்சி கெஞ்சியிருக்கிறாள், வரி பிரித்து எழுத வைக்கலாம் சார் என்று. மேனேஜர் மிக்சர் கொறித்தபடி சொல்வார்: "கம்ப்யூட்டருக்குப் புரிஞ்சா போதும் தங்கச்சி."

அதே மேனேஜர் இப்போது திரையில் விரல் வைத்தார். "இந்தா! நம்பருக்கு முன்னாடியே வரிசை ரெண்டு... வேலப்பன் பேரு!"

வேலப்பன், கிரேன் டிரைவர். போன ஞாயிறு வியாசர்பாடி ஃபுட்பால் மேட்ச்சில் சாவியோவின் சட்டையைக் கிழித்தவன். அடுத்த நிமிடம் அவன் கையில் விலங்கு!

"ஒரு கோலுக்காண்டி எவனாச்சும் கொலை பண்ணுவானா மேடம்? அவன் என் தோஸ்து! கியிச்ச சட்டைக்கு புதுசு வாங்கி வண்டில வச்சிகினு சுத்தறேன்!"

யாரும் கேட்கவில்லை. வரிசை இரண்டுக்கு ஓடினார்கள். நம்பர் பெயின்ட் உதிர்ந்த ஒரு பெட்டியை உடைத்தார்கள். உள்ளே...

கத்தரிப்பூ கலர் பிளாஸ்டிக் பக்கெட்டுகள்!

மணி இரண்டு பதினைந்து.

"எதுக்குள்ள எது கீதுன்னு தெரியாம படிச்சா இப்படித்தான் மேடம்!" ஆன்சி கீபோர்டில் பாய்ந்தாள். "முழுசாத் தூக்குனா கம்ப்யூட்டர் படுத்துரும். துளித்துளியா படிக்கிற பார்சர் ஒண்ணு கீது."

"அது என்னம்மா பண்ணும்?"

"பேசின் பிரிட்ஜ்ல நின்னுகினு கூட்ஸ் வண்டியை வேடிக்கை பாக்குற ஆள் மாதிரி. 'ஒண்ணு தொறந்துச்சு, எழுத்து வந்துச்சு, ஒண்ணு மூடிச்சு'ன்னு கத்தும். அவ்ளோதான்! போனது எதுவும் ஞாபகத்துல நிக்காது. எத்தினி படி ஆழத்துல கீறோம்னு நாமதான் எண்ணிக்கணும். தொறந்தா ஒரு படி உள்ள. மூடினா ஒரு படி வெளிய."

ஓட விட்டாள்.

வரிகள் வலப்பக்கம் நகர்ந்தன... நகர்ந்தன... திரையை விட்டே வெளிநடப்பு செய்தன! மூடும்போது படியைக் குறைக்க மறந்துவிட்டாள்.

"சே, பேஜாரு!" மேஜையைக் குத்தினாள். டம்ளர் எகிறியது.

திருத்தினாள். மறுபடி ஓட விட்டாள். படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கி நின்றன வரிகள். நம்பரைத் தேடினாள்.

இல்லை!

"இப்பதான இருந்துச்சு!"

"நான்தான் சொன்னேனே, அப்படி ஒரு பெட்டியே இல்ல." பாலகணேஷ் எலுமிச்சை ஜூஸ் நீட்டினார். "குடி தங்கச்சி. விதி..."

மானிட்டரைத் தூக்கிக் கடலில் எறிய வெறி வந்தது ஆன்சிக்கு. ஒரே வரியாக இருந்தபோது இருந்தது. பிரித்து எழுதினால் காணோம். அப்படியானால் நடுவில் வெட்டியது...

"நான்தான்!" அலறினாள்.

ராமசெல்வி நிமிர்ந்தார். "என்னம்மா, வாக்குமூலமா?"

"நம்பரை வெட்டினது நான்தான் மேடம்! பார்சர் ஃபைலைக் கை கையா அள்ளிப் படிக்கும். ஒரு அள்ளுல பாதி நம்பர், அடுத்த அள்ளுல மீதி. ரெண்டு தபா கத்திக்கீது. நான் லூசு மாதிரி ரெண்டு வரியா எழுதிட்டேன்! நாலாயிரம் பெட்டில என் புருஷன் பெட்டியா அந்த வெட்டுல மாட்டணும்?"

"இப்ப என்ன பண்ணணும்?"

"எழுத்து வந்த உடனே எழுதக் கூடாது. மூடுற வரைக்கும் சேத்து வச்சிகினு, மூடினதும் மொத்தமா ஒரே வரியில கொட்டணும்."

அப்படியே மாற்றி எழுதினாள். மணி இரண்டு முப்பது. ஓட விட்டாள். நம்பர் முழுசாக வந்து நின்றது!

"வரிசை ஒன்பது! மூணாவது அடுக்கு! வேலப்பன் பேரு முந்தின பெட்டியோட மூடிப் போச்சு மேடம், அவனை வுடுங்கோ! கிரேனுக்கு ஆள் வேணும்!"

விலங்கு கழன்றது. வேலப்பன் கிரேனில் ஏறிய வேகத்துக்கு ஒலிம்பிக்கில் ரெண்டு மெடல் தந்திருப்பார்கள். பெட்டி இறங்கியது. கதவு உடைந்தது. அடுக்கடுக்காய்க் கடத்தல் செம்மரக் கட்டைகள்... அவற்றின் மேல் சாவியோ. கண்கள் மூடி!

ஆன்சி கையோடு கொண்டுவந்த எலுமிச்சை ஜூஸை அப்படியே அவன் முகத்தில் கொட்டினாள்.

ஒரு கண் திறந்தது.

"...இன்னா ஆன்சி, இம்மாம் நேரம்?"

அவள் அடித்தாள். அழுதாள். மறுபடி அடித்தாள்.

"சரி, பூட்டினது யாரு?" என்றார் ராமசெல்வி.

ஆன்சி கையில் கசங்கியிருந்த பிரின்ட்டைப் பிரித்தாள்.

அட்டை: பாலகணேஷ்
        பெட்டி: 4188025
                வரிசை 9, அடுக்கு 3
                பூட்டிய நேரம் 1.44

அவள் விரல் பெட்டியிலிருந்து ஒரு படி மேலே, ஒரு படி இடப்பக்கம் போய் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

ஜூஸ் கொடுத்த கை, கார் கதவைத் திறந்துகொண்டிருந்தது!

கார் சீறியது. கேட் வரைக்கும்தான்.

தொம்!

காருக்கு ஒரு முழம் முன்னால் இறங்கி உட்கார்ந்தது, கத்தரிப்பூ பக்கெட் பெட்டி.

"காலிப் பொட்டின்னு சொல்லி அத்த என்னையே தூக்க வச்சீங்கோ இல்ல... சாரி சார்!" கிரேன் உச்சியிலிருந்து வேலப்பன் கூவினான். "கை வழுக்கிச்சு!"

ராமசெல்வி கார் ஜன்னலைத் தட்டி, ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"வாக்குமூலம் எழுதுங்க சார். ஒவ்வொரு தப்பும் தனித்தனி வரியில. ஒரே வரியா எழுதினீங்க... ஆன்சியைக் கூப்பிட்டுப் பிரிச்சு மேயச் சொல்லிடுவேன்!"