கைப்பைக்குள் போன கள்ளிப்பூ

கள்ளிச்செடி மொட்டையாக நின்றது. ஆதிரைக்குப் பகீரென்றது. இப்போதுதானே அதன் உச்சியில் மஞ்சள் பூவொன்று விரிந்திருந்தது!

வெளியே ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஏப்ரல் மழை. தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்குள்ளே மட்டும் பாலைவனத்துச் சூடு. திங்கட்கிழமை வகுப்பில் படக் கண்காட்சி. அதற்காகப் பாலைவனப் பூக்களைப் படமெடுக்க ஆதிரை அம்மாவோடு வந்திருந்தாள். எதையும் தொடமாட்டோம் என்று தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கெல்லர் அம்மையாரிடம் ஆதிரை வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் உள்ளே விட்டார்.

அந்த மஞ்சள் பூ லேசுப்பட்டதல்ல. அந்த இனத்தில் அங்கே இருப்பதே இரண்டு செடிகள். இன்றுதான் இரண்டும் சேர்ந்து பூத்திருக்கின்றன. இந்தப் பூவின் மகரந்தத்தை மற்றப் பூவில் தடவினால்தான் விதை வரும். தூரிகை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கெல்லர் அம்மையார் போயிருந்தார்.

ஆதிரை திரும்பிப் பார்த்தாள். அம்மா அவசரமாகக் கைப்பையை மூடினார்.

"அம்மா, அந்தப் பூ எங்க?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே பிள்ளை. பிள்ளையாருக்கு வைப்பமெண்டு..."

நல்ல பூவைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இராது. ஆதிரைக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. விஷயத்தை அவள் சொன்னதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

கதவு திறந்தது. கெல்லர் அம்மையார் தூரிகையோடு வந்துகொண்டிருந்தார்.

"தானா விழுந்திட்டுதெண்டு சொல்லு," என்று அம்மா கிசுகிசுத்தார். "எனக்கு உதைச் சொல்ல டொச் பாஷை காணாது."

உண்மையைச் சொன்னால் வெளியே போகச் சொல்லிவிடுவார். அம்மாவுக்கும் அவமானம். சொல்லாவிட்டால் பூ பைக்குள்ளேயே நசுங்கிப் போகும்.

"ஏலாதம்மா. பூவைத் தாங்கோ."

பூவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, நடந்ததை ஜெர்மன் மொழியில் ஒன்றுவிடாமல் சொன்னாள். எங்கள் வீட்டில் அழகான பூவெல்லாம் முதலில் சாமிக்குத்தான் என்பதையும் சொன்னாள்.

கெல்லர் அம்மையாரின் முகம் சிவந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூவின் மேல் குனிந்தார். எப்போது பிடுங்கியது என்று மட்டும் கேட்டார்.

இப்போதுதான் என்றாள் ஆதிரை.

"அப்படியானால் தூள் இன்னும் இருக்கிறது," என்றார் அவர். "உன் அம்மாவை இதை ஆடாமல் பிடிக்கச் சொல்."

அம்மா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். தூரிகை மெல்லத் தொட்டது. மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. கெல்லர் அம்மையார் அதைக் கொண்டுபோய் மற்றப் பூவில் கவனமாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து, படமெடுக்க வந்தவள் ஏன் மரம் மாதிரி நிற்கிறாய் என்று ஆதிரையைக் கேட்டார். ஆதிரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் எடுத்த படத்தில் அம்மாவின் கையும் அந்தப் பூவும் இருந்தன.

புறப்படும்போது அம்மா தயங்கி நின்றார். பூவைக் காட்டி, தனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொற்களைத் தேடிப் பிடித்து, தயவுசெய்து தருவீர்களா என்று கேட்டார். கெல்லர் அம்மையார் சிரித்தேவிட்டார்.

அன்று மாலை முதன்முறையாகப் பிள்ளையாருக்குக் கேட்டு வாங்கிய பூ கிடைத்தது.